சம்பந்தி வீட்டுத் தண்ணி

அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் இழுத்து விட்டுரும்மா. முன் சீட்டுல ஒரு பெரிய மனுஷன் வெத்தலையைக் குதப்பிக்கிட்டே வர்றாரு, எந்த நேரத்துலயும் துப்பிருவாரு. இந்தா, துப்பிட்டாரு. பாத்தியா? நான் சொல்லி வாய் மூடல. சீ, என்ன சென்மங்களோ.

நீயும் பரமக்குடியா? நானும் அங்கதான் போறேன். மகளைக் கட்டிக் குடுத்த ஊரு அதுக்குப் பக்கத்துல ஒரு கிராமம். மதுரையில இருந்து பஸ் ஏறினா ரெண்டு மணி நேரம். ஆனா நான் போனது ரொம்பக் கம்மி. ஏன்னு கேட்கிறியா? கேளு, கேளு. எனக்கும் யார்கிட்டயாச்சும் சொல்லணும் போலத்தான் இருக்கு. எங்க தெருவுல சொன்னா சிரிக்கிறாளுக.

எல்லாம் தண்ணியால வந்ததும்மா.

ரெண்டு கோடைக்கு முன்னாடி, கழுத்துல டை கட்டிக்கிட்டு ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். "அம்மா, வாங்க வேணாம், ஒரு சோதனை மட்டும் செஞ்சு காட்டுறேன், பாத்துட்டு அனுப்பிருங்க"ன்னான். மரியாதையான பையன், செருப்பை வெளியிலயே விட்டுட்டுத்தான் வந்தான். ரெண்டு கண்ணாடி டம்ளர் கேட்டான். ஒண்ணுல எங்க வீட்டுக் குழாய்த்தண்ணி. இன்னொண்ணுல அவன் பாட்டில்ல கொண்டாந்த மிஷின் தண்ணி. ரெண்டும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு சின்னப் பெட்டியை எடுத்தான். அடியில நாலு கம்பி நீட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு டம்ளர்லயும் கம்பி முங்குற மாதிரி வச்சு, கரண்ட்டுல சொருகினான்.

அம்மாடி, என்னத்தச் சொல்ல. எங்க வீட்டுத் தண்ணி மஞ்சளாச்சு, காவியாச்சு, பச்சையும் கறுப்புமா சளி மாதிரி திரண்டு மேல வந்துச்சு. சாக்கடையை அள்ளி டம்ளர்ல ஊத்தின மாதிரி. அவன் கொண்டாந்த தண்ணி அப்படியே இருக்கு, கண்ணாடி கணக்கா. "இதைத்தாம்மா இத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க"ன்னான். நான் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுற தொட்டியில வாந்தி எடுத்தேன். காலையில தின்னதெல்லாம் வந்துருச்சு. வாய் கொப்புளிக்கணும், கொப்புளிக்கவும் அதே தண்ணி. அந்தப் பையன்தான் அவன் பாட்டில்ல இருந்து ஊத்துனான். தாயைப் பார்த்துக்கிற மாதிரி பார்த்துக்கிட்டான்.

சாயங்காலம் மக வந்தா. கோமதின்னு பேரு, ஒரே மக. வேதியியல் படிச்சவ, ஒரு ஸ்கூல்ல டீச்சரா இருந்தா. நான் சொன்னதைக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறா. "அம்மா, அது தண்ணியில இருந்த அழுக்கு இல்ல, அந்தக் கம்பி கரைஞ்சு வர்ற துரு. தண்ணியில உப்பு இருந்தாக் கரண்ட் பாயும், கம்பி கரையும். அவன் தண்ணியில ஒரு கல்லு உப்பைப் போட்டு அதே கம்பியை விட்டுப் பாரு, அதுவும் அப்படித்தான் ஆகும்"ங்கிறா. படிச்ச பிள்ளை பேசுற பேச்சா இது? நான் கண்ணால பார்த்திருக்கேன். கண்ணால பார்த்ததை இல்லைன்னா எப்படி ஒத்துக்கிறது? எங்க வீட்டுக்காரரு மில்லுல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயரானவரு. எதுக்கும் வாயைத் திறக்கமாட்டாரு. "உனக்கு வேணும்னா வாங்கிக்க"ன்னாரு. உனக்கு வேணும்னாவாம். அவரு குடிக்கலையா?

மிஷினை மாட்ட ஒருத்தன் வந்தான். சமையக்கட்டுச் செவுத்துல டிரில்லைப் போட்டுத் தொளைச்சான், மாவு மாதிரி தூசி, நான் கழுவிக் கவுத்து வச்சிருந்த பாத்திரம் பூரா. குழாயைக் கழட்டி அதுல ஒரு வால்வைச் சேர்த்தான். அதுல இருந்து வெள்ளை டியூபு. முதல்ல ஒரு பில்டரு, உள்ளே இன்னும் சில பில்டரு, கடைசியா ஒரு உருளை. அதுதான் உசிரு, அதுக்குள்ளதான் உப்பெல்லாம் நிக்கும்னான். சொல்லிக்கிட்டே தலையைச் சொறிஞ்ச கையாலயே அந்த உருளையை எடுக்கிறான். "கையைக் கழுவிட்டு எடுப்பா"ன்னேன். கழுவினான், கழுவிட்டுச் சட்டையில துடைச்சான். திரும்பக் கழுவச் சொன்னேன்.

அப்புறம் கேட்டான், "மேல தொட்டியை எப்பக் கழுவுனீங்க?" எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்காரரு ஏணியைப் போட்டு ஏறி மூடியைத் திறந்தாரு. நானும் பின்னாடியே ஏறினேன், ஏறியிருக்கக் கூடாது. தொட்டி அடியில சேறு. சேத்து மேல பல்லி ஒண்ணு செத்து வெளுத்துக் கிடக்கு. புறா இறகு, பாசி. அந்த வழுவழுப்பு இருக்கே, இன்னைக்கு நினைச்சாலும் நாக்குல தட்டுப்படுது. அவரு என்னடான்னா உள்ள இறங்கி, வெறுங்கையால அள்ளி அள்ளி வெளிய போடுறாரு. கூசவே இல்ல அந்த மனுஷனுக்கு. நான் அன்னைக்கு அவருக்குச் சோத்தைத் தள்ளி நின்னுதான் போட்டேன்.

மாட்டி முடிச்சான். முதல்ல நிறையறதைக் குடிக்காதீங்க, கொட்டிருங்கன்னான். பச்சை லைட்டு எரிஞ்சா நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், அதுவா நின்னுக்கும். ஒரு டியூபு தனியா வெளிய தொங்குச்சு. "இதுல வேஸ்ட் தண்ணி வரும்மா, நல்ல தண்ணியை விட இதுதான் ஜாஸ்தி. ஒரு வாளியை வச்சுப் பிடிங்க, பாத்திரம் கழுவலாம், வீடு துடைக்கலாம்"னான். நல்லாருக்கே கதை! அழுக்கைப் பிரிச்சு எடுக்கத்தான் மிஷின் வாங்குறேன், அந்த அழுக்கையே பிடிச்சு வச்சுப் பாத்திரம் கழுவுவேனா? டியூபை நீட்டிச் சாக்கடையில விட்டுட்டேன். பின்வீட்டுக்காரி, தெருவே தண்ணிக்குத் தவிக்குது, இப்படி ஓட விடுறியேன்னு கேட்டா. வேணும்னா நீ பிடிச்சுக்கன்னேன். பிடிச்சா! அந்தத் தண்ணியில துணி துவைச்சா! அன்னையில இருந்து அவ வீட்டுக் கொடியில துணி காஞ்சாக் கூட நான் அந்தப் பக்கம் பார்க்கிறதில்ல.

போறப்ப அவன் ஒரு மீட்டரைக் குடுத்துட்டுப் போனான். பேனா மாதிரி இருக்கும். தண்ணிக்குள்ள விட்டா நம்பரு காட்டும், டிடிஎஸ்ம்பாங்க. நம்பரு கம்மியா இருந்தா நல்ல தண்ணி. மிஷின் தண்ணியில விட்டேன், நூறுக்குள்ள. குழாய்த்தண்ணியில விட்டேன், ஆயிரத்துக்கும் மேல. என் மனசு எப்படிக் குளுந்துச்சு தெரியுமா? அதுக்கப்புறம் அந்தப் பேனா என் கைப்பையிலயே இருக்கும். கல்யாணத்துக்குப் போனா, காதுகுத்துக்குப் போனா, ஒரு விடு விட்டுப் பார்த்துட்டுத்தான் வாயில வைப்பேன். கூடப்பிறந்தவ வீட்டுத் துக்கத்துல கூட, காப்பி கலந்து குடுத்தாளுக, எந்தத் தண்ணியில போட்டதுன்னு கேட்டு அந்தக் குடத்துல விட்டுப் பார்த்தேன். அதுக்கு அவ இன்னும் என்கூடப் பேசலை. நல்லதுக்குக் காலம் ஏது?

எங்க வீட்லயும் சட்டம் போட்டேன். கையை சோப்புப் போட்டுக் கழுவாம மிஷின் பக்கம் போகக் கூடாது. ஆளுக்கொரு டம்ளர். எச்சி வச்சுக் குடிச்சா அந்த டம்ளரைத் தனியா வைக்கணும். கோமதி பள்ளிக்கூடத்துலயே வயிறு முட்டக் குடிச்சிட்டு வந்துருவா. அவரு மட்டும், "தண்ணி சப்புனு இருக்கு, குடிச்ச மாதிரியே இல்ல"ன்னு ஒருநா சொன்னாரு. அப்புறம் பார்த்தா முக்குக் கடையில நிக்கிறாரு. அங்க ஒரு பிளாஸ்டிக் குடம், அதுல சங்கிலி போட்ட ஒரு டம்ளர். ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் வாய் வச்ச டம்ளர். அதுல அண்ணாந்து குடிக்கிறாரு இந்த மனுஷன், கண்ணை மூடிக்கிட்டு, ஏதோ அமுதம் கணக்கா. நான் தெருவுல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசுச்சு.

இந்த நேரத்துலதான் கோமதிக்கு வரன் வந்துச்சு. பையன் பேரு இளமாறன், மாட்டு டாக்டரு. கவர்மெண்டு வேலை. பையனுக்கு அப்பா கிடையாது, அம்மா மட்டும்தான். சிட்டம்மான்னு பேரு. ஆடு மாடு வச்சுத்தான் மகனைப் படிக்க வச்சிருக்கா. பொண்ணு பார்க்க வந்தாங்க. பையனும் மகளும் தனியாப் பேசினாங்க, பேசிட்டு வந்து ரெண்டு பேரும் சிரிச்ச முகமா நின்னாங்க. எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. மாட்டு டாக்டர்னா மாட்டுக்குள்ள எல்லாம் கையை விடணுமாமே, அதை நினைச்சாத்தான் கொஞ்சம் குமட்டிக்கிட்டு வந்துச்சு. சரி, கவர்மெண்டு சம்பளக்காரன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அடுத்து நாங்க அவங்க வீட்டுக்குப் போகணும். கை நனைக்கப் போறதுன்னு சொல்லுவோம்ல, அவங்க வீட்ல ஒரு வாய் சாப்பிட்டாச்சுன்னா சம்பந்தம் உறுதி. நானு, எங்க வீட்டுக்காரரு, அவரு தம்பி, தம்பி பொண்டாட்டி, தரகரு, இம்புட்டுப் பேரும் ஒரு வேன்ல போனோம். வழியெல்லாம் கருவேலங்காடு. வெயிலுன்னா அப்படி ஒரு வெயிலு. இறங்கினதும் ஆட்டுப் புழுக்கை வாடை. வாசல்ல சாணி தெளிச்சிருக்கு, அதுல கோலம் போட்டிருக்கு. நான் சேலையைத் தூக்கிக்கிட்டே உள்ள போனேன்.

அந்தம்மா ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சா. "வாங்க சம்பந்தியம்மா, வாங்க"ன்னு. கை சொரசொரன்னு இருக்கு. உட்கார வச்சுட்டு, பித்தளைச் செம்புல தண்ணி கொண்டாந்தா. விளக்கின செம்புதான், பளபளன்னுதான் இருந்துச்சு. உள்ளே தண்ணியைப் பார்த்தா லேசாக் கலங்கின நிறம்.

"எங்க எடுத்த தண்ணிங்க இது?"ன்னேன்.

"எங்க ஊருணித் தண்ணிதான். இங்க போர்த் தண்ணி ஒரே உப்பு, வாயில வைக்க முடியாது. ஊருணியில குடிதண்ணிக்கு மட்டுந்தான் இறங்குவோம். செருப்புக்காலோட யாரும் போகமாட்டாங்க, ஆடுமாடு போகாம வேலி போட்டிருக்கு. பயப்படாமக் குடிங்க."

குளத்துத் தண்ணிம்மா! மழை பெஞ்சு மண்ணுல ஓடி வந்து தேங்கின தண்ணி. எனக்கு எங்க வீட்டுத் தொட்டி கண்ணு முன்னாடி வந்துருச்சு. அந்தப் பல்லி. பழக்க தோஷம், கை தானா பையைத் திறந்துச்சு. பேனாவை எடுத்துச் செம்புக்குள்ள விட்டேன்.

எல்லாரும் பார்க்கிறாங்க. மாப்பிள்ளை கதவோரம் நிக்கிறாரு, அவரும் பார்க்கிறாரு. என் கொழுந்தன் பொண்டாட்டி முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. சிட்டம்மா மட்டும் கிட்ட வந்து குனிஞ்சு பார்த்தா. "என்னங்க இது, சம்பந்தியம்மா?"ன்னா. தண்ணி நல்லதா கெட்டதான்னு காட்டும்னு சொன்னேன். "அப்படியா?"ன்னு சிரிச்சா. "எங்க ஊருணி பாஸா பெயிலா?"

நம்பரைப் பார்த்தேன். எனக்கே ஒண்ணும் புரியல. எங்க வீட்டு மிஷின் தண்ணியை விடக் கம்மியாக் காட்டுது. உதறிட்டுத் திரும்ப விட்டேன், அதே நம்பரு. மாப்பிள்ளை மெதுவாச் சொன்னாரு, "மழைத்தண்ணிங்க அத்தை, உப்பு இருக்காது." சொல்லிட்டு அவரும் சிரிச்சாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆளாளுக்குச் சிரிச்சா எப்படி இருக்கும்?

"பேட்டரி போயிருச்சு போல"ன்னேன். "அதுவுமில்லாம இது உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது." தப்பா சொல்லலையே? மாட்ட வந்தவனே சொன்னதுதான் அது.

அந்தம்மா முகம் கோணல. "கிருமிக்கும் பயப்படாதீங்க. உங்களுக்குத் தண்ணி ஒத்துக்காதுன்னு தரகரு சொன்னாரு. நேத்தே காய்ச்சி, துணியில வடிகட்டி ஆற வச்சேன். நானே என் கையால மொண்டது"ன்னா.

அவ கையிலதான் நான் சொரசொரப்பைப் பார்த்துட்டேனே. ஆட்டுக்குத் தழை ஒடிச்ச கை, சாணி அள்ளின கை. மகன் மாட்டுக்குள்ள விடுற கை. எல்லாக் கையும் இந்தச் செம்பைத்தானே தொடுது? அதைத்தாம்மா சொன்னேன். மனசுல பட்டதைச் சொன்னேன். "காய்ச்சி என்னங்க பண்ண, மாட்டுக்குள்ள விடுற கையி இந்த வீட்ல எதை எதைத் தொடுதோ"ன்னேன். வேற ஒண்ணும் சொல்லல.

மாப்பிள்ளை தன் கையைப் பார்த்தாரு, பார்த்துட்டுப் பின்னாடி கட்டிக்கிட்டாரு. சிட்டம்மா செம்பைத் திரும்ப எடுத்துக்கலாமா வேணாமான்னு தெரியாம நின்னா. தரகரு எந்திரிச்சு வாசலைப் பார்த்தாரு.

அப்பத்தான் எங்க வீட்டுக்காரரு எந்திரிச்சாரு. வாயே திறக்காத மனுஷன். நேரா வந்து, என் முன்னாடி இருந்த அந்தச் செம்பை எடுத்தாரு. நான் மீட்டரை விட்ட அதே செம்பு. அண்ணாந்து கூடக் குடிக்கல. வாய் வச்சு, கடகடன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. செம்பை நீட்டி, "சம்பந்தியம்மா, இன்னொரு செம்பு குடுங்க. நாக்கு வறண்டு போய்க் கிடக்கு"ன்னாரு. அதையும் குடிச்சாரு. அப்புறம் மாப்பிள்ளைகிட்டப் போனாரு. பின்னாடி கட்டியிருந்த கையை இழுத்துப் பிடிச்சுக்கிட்டாரு. "மாப்ள, பசிக்குது, இலையைப் போடச் சொல்லுங்க"ன்னாரு.

இலை போட்டாங்க. எல்லாரும் சாப்பிட்டாங்க, அவரு ரெண்டு தடவை ரசம் கேட்டு வாங்கினாரு. நான் வாழைப்பழம் மட்டும் உரிச்சுச் சாப்பிட்டேன், தோலு இருக்குல்ல. கட்டின பொண்டாட்டியை நாலு பேர் முன்னாடி இப்படியா அசிங்கப்படுத்துவாங்க? என் சார்பா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல? வேன்ல வர்றப்பக் கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தாரு.

கொழுந்தன் பொண்டாட்டி மூலமா எல்லாம் கோமதி காதுக்குப் போயிருச்சு. ராத்திரி என்கிட்ட வந்து நின்னா. கத்துவான்னு பார்த்தேன், கத்தலை. "அம்மா, அந்த வீட்ல எனக்கு முதல்ல பிடிச்சதே அந்தம்மாவைத்தாம்மா"ன்னா. அம்புட்டுத்தான். பெத்தவ நான் இருக்கேன், முந்தாநா பார்த்தவளைப் பிடிச்சிருக்காம்.

கல்யாணம் நல்லாத்தான் நடந்துச்சு. நான் ஒரு குறை வைக்கல. சீர்வரிசையில கட்டில், பீரோவோட அதே மாதிரி ஒரு தண்ணி மிஷினையும் வாங்கி வச்சேன். புது மாடல். மகமேல அக்கறை இல்லைன்னா வாங்குவேனா? மறுவீட்டுக்குப் போனப்பப் பார்க்கிறேன், அதை மாட்டவே இல்ல. அந்த வீட்டுக்கு மேல்தொட்டி கிடையாதாம், குழாயில தண்ணி அழுத்தமா வராதாம். அட்டைப்பெட்டியோட தாழ்வாரத்துல கிடக்கு. பெட்டி மேல வைக்கோலைப் போட்டு ஒரு கோழி அடை காக்குது! என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு அந்தக் கோழி. நான் அன்னைக்கே திரும்பிட்டேன்.

அவரு மட்டும் மாசாமாசம் போவாரு. போனா ரெண்டு நாள் மூணு நாள் தங்குவாரு. ஆட்டுக்குட்டியைத் தூக்கி வச்சுக்கிட்டு போட்டோ எடுத்து அனுப்புறாரு, இந்த வயசுல. கோமதி உண்டானதும் அங்கயே இருந்துட்டாரு. இப்ப வீட்ல நான் ஒருத்திதான். மிஷின் எந்நேரமும் பச்சை லைட்டுதான், குடிக்க ஆள் இல்லையே, நிறைஞ்சே கிடக்குது. தேங்கின தண்ணியை எப்படிக் குடிக்கிறது? தினம் காலையில எழுந்து மொத்தத்தையும் பாத்திரம் கழுவுற தொட்டியில திறந்து விட்டுட்டுப் புதுசா நிறைய விடுறேன். எம்புட்டு வேலை தெரியுமா அது?

ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டு வரலாம்னு போனேன். வரமாட்டேன்னுட்டா. "அங்க வந்தா நீ யாரையும் பிள்ளையைத் தொட விடமாட்ட. பிள்ளையோட அப்பா வந்து பார்த்தாக் கூட வாசல்லயே நிக்க வச்சிருவ"ன்னா. நான் வாசல்ல நிக்க வைப்பேனா? கையைக் கழுவிட்டு வாங்கன்னு சொல்லுவேன், அது தப்பா?

இன்னைக்குக் காலையில போன் வந்துச்சு. பரமக்குடி ஆஸ்பத்திரியில பிள்ளை பிறந்துருச்சு. ஆம்பளப் பிள்ளை. அவரு போன்ல அழுகிறாரு, சிரிக்கிறாரு, என்ன சொல்றாருன்னே விளங்கல. எனக்கும் கண்ணு கலங்கிருச்சும்மா, பொய் சொல்லல. உடனே மிஷின் தண்ணியைக் காய்ச்சி பிளாஸ்குல ஊத்தினேன், சோப்பு, டெட்டாலு, துவைச்சுக் காய வச்ச துணின்னு எல்லாத்தையும் எடுத்து வச்சேன். அப்ப கோமதி பேசினா. குரலே இல்ல அவளுக்கு. "அம்மா, ஒண்ணும் எடுத்துட்டு வராத. வெறுங்கையோட வா. வந்து பிள்ளையைத் தூக்கு"ன்னா.

வெறுங்கையோடவாம். சொன்னவ போனை வச்சுட்டா. எடுத்து வச்சதையெல்லாம் பார்த்தேன், அப்படியே மேசையில விட்டுட்டு வந்துட்டேன். ஏன் விட்டேன்னு எனக்கே தெரியல. பஸ் ஏறின நேரத்துல இருந்து அதே யோசனைதான்.

இந்தா, பரமக்குடி வந்துருச்சு போல, எல்லாரும் எந்திரிக்கிறாங்க. நீ சின்னப் பொண்ணு, நீயே சொல்லும்மா. இவ்வளவு தூரம் இந்த முன் சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். எத்தனை பேர் பிடிச்ச கம்பியோ. இங்க பாரு, உள்ளங்கையெல்லாம் கறுப்பு. இந்தக் கையால அந்தப் பச்சைப் பிள்ளையை நான் எப்படித் தூக்குறது?